மாஸ்டர் கை

என் கணவரின் கையிலிருந்து டீ டம்ளர் விழுந்த அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பாலிஷ் மெஷினைப் பிடித்தேன். டம்ளர் நழுவி விழவில்லை. அதைப் பிடித்திருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். டீ காலில் தெறித்த பிறகுதான் கையைப் பார்த்தார். விரல்கள் டம்ளரைப் பிடித்த மாதிரியே வளைந்து நின்றன.

கார்களுக்கு மெஷின் பாலிஷ் போடும் கடை எங்களுடையது. காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகிற சாலையில், தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் போட்ட ஒரு கொட்டகை. அதற்கு முன்னால் அவர் ஒரு கார் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். பெயிண்ட் அடித்து வெளியே வரும் வண்டிகளில் தூசியோ புள்ளியோ இருந்தால் அதைத் தேய்த்து எடுத்துப் பளபளப்பாக்குகிற வேலை. நாள் முழுவதும் கையில் மெஷின் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒப்பந்தம் முடிந்து அனுப்பியபோது அவர் அங்கிருந்து இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று தொழில். இன்னொன்று மணிக்கட்டில் நரம்பு நசுங்கிய கை. தொழிலைப் பற்றி மட்டும் எல்லாரிடமும் சொன்னார்.

அன்று கடைக்குள் ஒரு வெள்ளைக் கார் நின்றது. மறுநாள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வண்டி. மாலைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தோம். ஒரு பக்கம் முடிந்திருந்தது. அவர் வலது கையை உதறினார், இடது கையால் பிசைந்தார், மெஷினை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ புடி. நான் சொல்றேன்."

"எனக்கு இன்னாங்க தெரியும்?"

"இவ்ளோ நாளா பாத்துக்கினுதானே இருக்கிற. புடி."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டியைக் கழுவுவது, கண்ணாடி ஓரத்து ரப்பரில் பாலிஷ் படாமல் டேப் ஒட்டுவது, மெஷினில் மாட்டுகிற கம்பளிப் பேடுகளையும் ஸ்பாஞ்சுப் பேடுகளையும் அலசிக் காயப்போடுவது, முடிந்த பிறகு துணியால் துடைப்பது, இதெல்லாம் என் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தேன். அதனால் நிற்பதற்கு அலுத்துக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான். பின்னாளில் சிலர் "நெசவுக்காரங்க வூட்டுப் பொண்ணு, கை சும்மா இருக்குமா" என்று சொன்னார்கள். அப்பா வீட்டில் தறி இருந்தது உண்மை. நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. இந்த வேலையை நான் அந்த வெள்ளைக் காரின் கதவில்தான் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கிக்கொண்டு.

மெஷின் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஓட விட்டதும் நாய்க்குட்டி கயிற்றை இழுப்பது போல் ஒரு பக்கமாக இழுத்தது. நான் பயந்து அமுக்கினேன்.

"அமுக்காத. அது பாட்டுக்கு வேலை செய்யும். நீ வழி மட்டும் காட்டு."

வழி காட்டினேன்.

"நிக்காத, நிக்காத. ஒரே எடத்துல நின்னா எரிஞ்சிடும். கண்ணு எங்க இருக்குது? கைல வையி."

கார் பெயிண்டின் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும். வெயிலில் வண்டியைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியுமே, அதெல்லாம் அந்தப் பூச்சில் விழுந்த கீறல்கள்தான். காம்பவுண்ட் என்கிற பசையைத் தடவி மெஷினால் தேய்த்தால் கீறல் விழுந்த மேல்பரப்பு நுணுக்கமாகச் சீவப்பட்டுச் சமமாகிறது. பிறகு மெல்லிய ஸ்பாஞ்சும் இன்னும் நைசான பசையும் போட்டு ஓட்டினால் பளபளப்பு வரும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் பூச்சே போய்விடும். தகடு மடிகிற ஓரங்களில் பூச்சு ரொம்ப மெல்லிசு, அங்கே சூடு ஏறவே விடக்கூடாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நல்ல வேலைக்காரர். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெள்ளை வண்டியில் குறை அவ்வளவாகத் தெரியாது. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். என் கணவர் சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி ஒரு காலைச் சாய்த்து வாசலில் நின்றுகொண்டு, "பரவால்ல, நல்லா வந்துக்கீது" என்றார். எனக்குத் தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. அன்று சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்த டாக்டர் ஒருவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, சின்ன ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் சரியாகும், அதுவரை அதிர்கிற எதையும் பிடிக்கக் கூடாது என்றார். இவருக்கு ஆபரேஷன் என்றால் பயம். "கத்தி வெச்சா இருக்கிற கையும் போயிடும்" என்று வந்துவிட்டார். கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். அந்தக் கொஞ்ச நாளுக்கு நான் மெஷின் பிடிப்பது என்று ஏற்பாடு.

ஷட்டரைப் பாதி இறக்கும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. சாலைத் தூசி உள்ளே வந்தால் பாலிஷ் போடும்போது கீறல் விழும், அதனால் இறக்குவது நியாயம்தான். ஆனால் அவர் மட்டும் வேலை செய்த காலத்தில் ஷட்டர் எப்போதும் மேலேதான் இருந்தது. இப்போது அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் உள்ளே தகரச் சூட்டில், முந்தானையை இழுத்துச் சொருகி, தலையில் துணி கட்டி, மெஷின் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். யாராவது வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு துணியைக் கையில் எடுத்துக்கொள்வேன். அப்படிச் செய்யச் சொல்லி அவர் சொன்னாரா, நானாகச் செய்தேனா என்று இப்போது நினைவில்லை. இரண்டு பேருக்கும் அது சொல்லாமலே புரிந்திருந்தது.

"பொம்பள வண்டியத் தொடறான்னா எவனும் குடுக்க மாட்டான்மா" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அதுவும் பொய்யில்லை. ஒரு டாக்ஸிக்காரர் நான் டேப் ஒட்டுவதைப் பார்த்தே "அண்ணே, நீங்களே ஒட்டுங்கண்ணே" என்றவர்.

பருத்திக்குன்றத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர் இருந்தார். ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் எந்த வேலையையும் மாலைக்கு முன்னால் முடித்துக்கொள்கிறவர். அவருடைய மகன் வாங்கிக் கொடுத்த பெரிய கறுப்புக் காரைக் கொண்டுவந்து விட்டார். டிரைவர் காய்ந்த துணியால் தூசியோடு துடைத்துத் துடைத்து, வண்டி வெயிலில் சாம்பல் பூசினது போல் இருந்தது.

இந்தத் தொழிலில் கறுப்புதான் கஷ்டம். மற்ற நிறம் நம்மை மன்னிக்கும். கறுப்பு ஒரு சின்னத் தப்பைக்கூட மறைக்காது. கூரையில் மாட்டியிருந்த டியூப்லைட்டின் பிம்பம் அந்தக் காரின் மேல் முதலில் பஞ்சு மாதிரி கலங்கித் தெரிந்தது. ஒவ்வொரு சதுரமாக எடுத்து, தேய்த்து, துடைத்து, கீழே குனிந்து விளக்கைப் பார்த்து, மறுபடி தேய்த்து, பல நாள் அதிலேயே கிடந்தேன். முடிவில் டியூப்லைட் அதன் மேல் ஓரம் வெட்டின மாதிரி ஒரே கோடாக நின்றது. தகரக் கூரையின் ஆணிகளைக்கூடக் காரின் மேல் பார்க்க முடிந்தது. நான் என் கணவரைக் கூப்பிட்டேன். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு வெளியே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு இவர் தோளைத் தட்டினார்.

"தம்பி, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா."

"எல்லாம் பழக்கம்தாங்க ஐயா" என்றார் என் கணவர்.

நான் பின்னால் வாளியில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். மண்டிக்காரர் என்னையும் பார்த்து, "நீயும் கூட மாட ஒத்தாசையா இருக்கிறியாம்மா, நல்லது" என்றார். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அந்த வண்டிக்குப் பிறகு கடையின் பேர் பரவியது. கோயில் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வரும் டிரைவர்கள், பட்டுக்கடை முதலாளிகள், கல்யாண வண்டிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். என் கணவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். 'மாஸ்டர் கை பட்டா வண்டி புதுசு' என்று ஒருவர் சொன்னதை அவர் வீட்டுக்கு வந்து மகளிடம் திரும்பச் சொன்னார். மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில், வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு நல்லா பண்ணிட்ட" என்பார். பிறகு அது நின்றது. ஒரு நாள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது ஒரு நீலக் கார் போயிற்று. "பாரு, அது நான் போட்ட வண்டி" என்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வண்டியை அவர் தொட்டதுகூட இல்லை. அதன் டிக்கி மூடியில் ஒரு மாமரப் பிசின் கறையை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, யார் பேரானால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

பிறகு சென்னையிலிருந்து பாலிஷ் பசை விற்கிற கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து முற்றத்தில் பந்தல் போட்டு, சுற்று வட்டார மெக்கானிக்குகளையும் டிரைவர்களையும் கூப்பிட்டு, தங்கள் பசையை ஒரு வண்டியில் போட்டுக் காட்டுவது அவர்கள் திட்டம். ஊரில் நல்ல கை யாருடையது என்று விசாரித்திருக்கிறார்கள். எல்லாரும் இவரைச் சொல்லியிருக்கிறார்கள். மண்டிக்காரர் தன் கறுப்பு வண்டியையே தருவதாகச் சொல்லிவிட்டார். அந்த டிரைவர் பழையபடி தூசித் துணியால் துடைத்து அதைக் கெடுத்து வைத்திருந்தான். பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் பாலிஷ் போட்டு, வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

இவர் சரி என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"எப்படிங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பானெட்ல பாதிதானே. அவ்ளோ நேரம் கை தாங்கும்."

"தாங்கலன்னா?"

அவர் வலது கையை இடது கையால் பிசைந்தார்.

"கை சரியில்லன்னு சொல்லிடுங்க. அவங்களே ஆள் கூட்டினு வந்து போட்டுக்கட்டும். இல்லன்னா நான் பண்றேன்."

"நீ பண்றியா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அத்தினி ஆம்பளைங்க முன்னாடி நீ மேடைல நின்னு மிஷின் புடிப்ப, நான் கீழ குந்திக்கினு கை தட்டணும். அதானே?"

"நான் அப்படிச் சொல்லலீங்க."

"அப்ப வாய மூடிக்கினு இரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நிகழ்ச்சி. மண்டிக்காரர் பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் சாப்பாடு முடிந்ததுமே தொடங்கிவிட்டார்கள். நான் பேடுகளை முந்தின நாளே சோப்புப் போட்டு அலசி, உதறி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மகளும் வந்திருந்தாள். பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான். ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

கம்பெனிப் பையன் மைக்கில், "இப்ப நம்ம மாஸ்டர் உங்களுக்கு லைவா பண்ணிக் காட்டுவாரு" என்றான். கை தட்டினார்கள். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். வயரைத் தோளில் போட்டு, பேடில் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்து, மெஷினை ஓட விடாமலே முதலில் பானெட்டில் பசையைப் பரப்பினார். பிறகு ஓட்டினார்.

முதல் கொஞ்ச நேரம் நான் கண்ணை எடுக்கவே இல்லை. அவ்வளவு அழகாகச் செய்தார். மெஷின் அவர் கையில் சத்தமே மாறாமல் ஒரே சீராக ஓடியது. உடம்பு இடுப்பிலிருந்து அசைந்ததே தவிர மணிக்கட்டு அசையவில்லை. நான் இத்தனை நாள் செய்தும் எனக்கு வராத ஒன்று அவரிடம் இருந்தது. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்த மனிதரைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். தாங்கிவிடும், பாதி பானெட்தானே, தாங்கிவிடும் என்று நினைத்தேன்.

பானெட்டின் ஓரத்தில், முன் மட்கார்டை ஒட்டி, தகடு கொஞ்சம் மேலெழும்பி ஒரு வரப்பு மாதிரி ஓடும். அங்கே வந்ததும் அவர் வலது தோள் லேசாக இறங்கியதைப் பார்த்தேன். விரல் மரத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. மெஷின் அந்த வரப்பின் மேல் நகராமல் நின்றது. சத்தம் மாறியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அதற்குள் வாடை வந்துவிட்டது. பெயிண்ட் எரிகிற வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அவர் மெஷினைத் தூக்கியபோது வரப்பின் மேல் விரல் நீளத்துக்குக் கறுப்பு போய், அடியிலிருந்த சாம்பல் பூச்சு தெரிந்தது. கறுப்புக் காரில் அது நெற்றியில் விபூதிக் கீற்று போல் எட்டத்திலிருந்தே தெரிந்தது.

கம்பெனிப் பையன் மைக்கை வாயருகில் வைத்தபடியே நின்றான். மண்டிக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என் கணவர் பேடைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு பையனிடம் கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

"பேட்ல மண்ணு இருந்துக்கீது. வீட்டுல கழுவினவங்க சரியா கழுவல" என்றார்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தேன் அல்லவா, தேட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

பேடில் மண் இருந்தால் கீறல் விழும். பெயிண்ட் எரியாது. அங்கே உட்கார்ந்திருந்த மெக்கானிக்குகளில் பலருக்கு இது தெரியும். பசை விற்க வந்த பையனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே தலையை ஆட்டினார்கள். ஒருவர் "பொம்பளைங்க கிட்ட இதெல்லாம் குடுத்தா இப்படித்தான்" என்றார். இன்னொருவர் சிரித்தார். நிம்மதியாகிவிட்டது அவர்களுக்கு. காரணம் கிடைத்துவிட்டது.

மண்டிக்காரர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். கோபப்படவில்லை. அவர் வண்டி கெட்டுப்போயிருக்கிறது, கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாத்து செய்யக் கூடாதாம்மா? அவர் பேரு போகுது பாரு" என்றார்.

நான் "சரிங்க ஐயா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

பைக்கில் திரும்பினோம். மகள் ஷேர் ஆட்டோவில் வருவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விட்டாள். பேடுகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"அங்க வேற இன்னா சொல்ல முடியும், சொல்லு."

ரயில் போயிற்று. கேட் திறந்தார்கள்.

வீட்டில் மகள் என்னிடம்தான் கோபித்துக்கொண்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ ஏம்மா மைக்க வாங்கி சொல்லல? நான்தான் எல்லா வண்டியும் போடறேன்னு சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். வாய மூடிக்கினு சரிங்க ஐயான்ற" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அவரை விட்டுவிட்டு என்னை மட்டும் கேட்டதுதான் எனக்கு அன்று மண்டபத்தில் நடந்ததைவிட வலித்தது. அப்பாவிடமிருந்து அவள் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை போலும்.

மறுநாள் நான் கடைக்குப் போகவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. துணி துவைத்தேன், சமைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கடையிலிருந்து திரும்பி வந்தார்.

"வண்டி வந்துக்கீது."

"பேட் கழுவத் தெரியாதவ மிஷின் புடிக்கக் கூடாதுங்க" என்றேன்.

வாசற்படியில் சற்று நேரம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வண்டியை அவரே செய்தார். அடுத்ததையும் செய்தார். ஒன்றில் வட்டம் வட்டமாக மெஷின் தடம் விழுந்தது. இன்னொன்றைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'மாஸ்டருக்கு இப்பல்லாம் வேலையில கவனம் இல்ல' என்று பேச்சு வந்தது. கையில் சோற்றை எடுக்கக்கூட முடியாமல் போன பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஊட்டிவிட்டேன். ரொம்ப நாள் தள்ளிப்போட்டுவிட்டதால் முழுசாகச் சரியாகாது என்று டாக்டர் சொன்னார். டம்ளர் பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். மெஷின் பிடிக்க முடியாது.

கடையை மூடினோம். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவரைப் பார்க்க வந்த அவர் அக்காவிடம், கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு மட்டும் அந்தப் பேடு சுத்தமா இருந்திருந்தா இன்னிக்கு எங்கயோ போயிருப்பேன்க்கா" என்றார். நான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னைக் குத்துவதற்காகச் சொல்கிறாரா என்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனதாரச் சொன்னார். அதை அவர் நம்பிவிட்டிருந்தார். மண்டபத்தில் பொய் சொன்ன மனிதரோடு என்றாவது ஒரு நாள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதரோடு பேச ஒன்றும் இல்லை.

பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு யார்டில் பாலிஷ் போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி என் பின்னால் எட்டிப் பார்த்து, "வூட்டுக்காரரு வரலியா?" என்றார்.

"வேலைக்கு நான்தாங்க வந்திருக்கேன்."

சந்தேகத்தோடு வெளுத்துப்போன ஒரு சிவப்பு வண்டியைக் காட்டி, ஒரு கதவைச் செய்யச் சொன்னார். செய்தேன். உலர்ந்து காவி ஏறிப்போன நிறத்துக்குள்ளிருந்து நல்ல குங்குமச் சிவப்பு வந்தது. வந்து பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு வந்துடு" என்றார். அங்கே ஷட்டர் இல்லை. வாங்க வருகிறவர்கள் கண்ணெதிரேதான் வேலை. சிலர் நின்று பார்ப்பார்கள். சிலர் செல்போனில் படம் எடுப்பார்கள், நான் திரும்பிக்கொள்வேன். எல்லா வண்டியும் வயதை மறைத்து விற்பதற்காகப் பளபளப்பாக்கப்படுகிற வண்டி. பாலிஷ் காய்வதற்குள் அதன் மேல் ஒரு மாலையைப் போட்டு யாருக்காவது சாவியைக் கொடுத்துவிடுவார்கள். வேலையில் முன்பிருந்த சந்தோஷம் இல்லை. ஆனால் விளக்கு நேர்கோடாக நிற்கும்வரை விட மனம் வருவதில்லை. முதலாளி அதற்குத் திட்டுவார்.

என் கணவருக்கு ஒரு பட்டுக்கடையில் வேலை கிடைத்தது. சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களின் கார்களைக் கையைக் காட்டி நிறுத்திவைக்கிற வேலை. தொப்பியும் விசிலும் கொடுத்திருக்கிறார்கள். மாஸ்டர் என்று அங்கே யாரும் கூப்பிடுவதில்லை.

போன ஆடி மாதத் தள்ளுபடிக் கூட்டத்தின்போது ஒரு டிரைவர் யார்டுக்கு வந்தார். சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர்.

"பட்டுக்கடை பார்க்கிங்ல ஒரு அண்ணன் என் வண்டியப் பாத்துட்டு சொன்னாரு. இந்த யார்டுல ஒரு பொம்பள இருக்குது, அது மாதிரி பாலிஷ் போட காஞ்சிபுரத்துல ஆள் இல்ல, நான்தான் கத்துக் குடுத்தேன்னாரு. நீங்கதானா அது?"

"நான்தான்" என்றேன்.

"அவரு யாரு, உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியும்."

யார்டில் வெளி வண்டி எடுப்பதில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். மாலையில் என் கணவர் வேலை முடிந்து வந்து தொப்பியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எவளோ ஒரு பொம்பளன்னு சொன்னீங்களாமே. பொண்டாட்டின்னு சொன்னா இன்னாங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. பதிலை முன்பே வைத்திருந்தவர் மாதிரிச் சொன்னார்.

"பொண்டாட்டின்னு சொன்னா, அப்புறம் நீ ஏன்யா பார்க்கிங்ல நின்னுக்கினு இருக்கிறன்னு கேப்பான்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அரிசி உலையில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் போய் அடுப்பைக் குறைத்தேன்.